விட வேண்டிய பந்து

இந்தா, அஞ்சே நிமிஷம், அங்கயே நில்லும்மா, எங்கயும் போயிராத என்று கிங்ஸ்டன் அண்ணன் சொல்லிவிட்டுப் போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ரெக்ஸ்லினுக்குத் தெரியவில்லை. செல்போன் பையில், பை பந்தலில், பந்தல் மைதானத்தின் அந்தக் கோடியில். இந்தக் கோடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அவள் மட்டும், நிழல்கூட முதுகுப் பக்கமாய் நழுவி வலைக்குள் போய்ப் படுத்துவிட்டது. கடல் காற்று பின்னாலிருந்து வலையை உப்பவைத்து அவள் முதுகில் தொட்டுத் தொட்டு விட்டது, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போகிற ஆள் மாதிரி. எதிரே பந்தல் கூரைக்கு மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வெறும் கறுப்பு உருவங்கள். மேடையில் நடு நாற்காலியில் இருக்கிற கறுப்புதான் தஸ்நேவிஸ் சார். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கல்லூரியில் கால்பந்துக் கோச், இன்றைக்கு ஓய்வு. ஒவ்வொருவராக வந்து பொன்னாடை போர்த்தப் போர்த்த அந்தக் கறுப்பு பெருத்துக்கொண்டே போயிற்று, முதலில் தோள் மறைந்தது, பிறகு கழுத்து, இப்போது துணி மூட்டைக்கு மேல் ஒரு தலையை வைத்த மாதிரி இருந்தது. எடுத்துக் கீழே வைத்தால் போர்த்தியவர் மனம் நோகும் என்று வைக்காமல் இருப்பார், அவருக்கு அந்தப் புத்திதான், யார் எதைப் போர்த்தினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கிற புத்தி. இந்த ஊர்ப் பந்தாட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கோச் யாராவது ஓய்வு பெற்றால் பேச்செல்லாம் முடிந்த பிறகு மைதானத்துக்குக் கூட்டிவந்து ஒரு பெனால்டி உதைக்க வைப்பார்கள். வேட்டியோ பேன்ட்டோ, செருப்போ ஷூவோ, எதோடு வந்தாரோ அதோடு. கோல்கீப்பர் பந்து வராத பக்கமாகப் பாய்ந்து விழ வேண்டும், பந்து வலைக்குள் போக வேண்டும், போனதும் சரவெடி, தோளில் தூக்கி ஒரு சுற்று, அப்புறம் பிரியாணி. அந்தப் பந்தை இதுவரைக்கும் யாரும் பிடித்ததில்லை. பிடிப்பதற்காக யாரும் அங்கே நிற்பதும் இல்லை. இன்றைக்கு நிற்பவள் ரெக்ஸ்லின். விடுவதா பிடிப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

விடுவதற்கு என்ன, நடுவர் அவர்களே, விடுவதற்குக் காரணமா இல்லை. பட்டிமன்றங்களில் பேசிப் பேசி அவளுக்கு மனசுக்குள் ஒரு நடுவர் நிரந்தரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், சோடா குடித்துக்கொண்டு. எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் வருஷம், பேச்சுப்போட்டியில் கேடயங்கள், எந்த அணியில் போட்டாலும் ஜெயிப்பாள், நம்பாததைக்கூடக் கண்ணில் நீர் வரப் பேசுவாள், அதுதான் அவளுக்கே தன்னிடம் பிடிக்காதது. பெரிய மனிதர், வயதானவர், கடைசி நாள், முட்டி வலி, ஊரே கூடியிருக்கிறது, ஒரு பந்தை விட்டால் என்ன குறைந்துவிடும் என்பது முதல் அணி. நல்ல அணி, கைதட்டல் வாங்குகிற அணி. ஆனால் எதிரணிக்கு ஒரே ஒரு வாதம்தான், நடுவர் அவர்களே, நான் கோல்கீப்பர். அதைச் சொன்னதும் உள்ளே ஏதோ ஒன்று தட்டிக்கொண்டு நின்றது, ஏனென்றால் அதுவே இனி உண்மை இல்லை. கோல்கீப்பராக இருந்தவள் என்று சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் கல்லூரிச் செயலர் அறையில் கூட்டம் போட்டார்கள், தஸ்நேவிஸ் சாருக்குப் பிறகு வருகிற புது ஆள் ஆண்கள் அணியை மட்டும் பார்த்துக்கொள்வார், பெண் பிள்ளைகளுக்குக் கேரம் இருக்கிறது, எறிபந்து இருக்கிறது, கால்பந்து எதற்கு, பாதுகாப்பும் பார்க்கணுமே என்று முடிவாயிற்று. அணித் தலைவி என்று ரெக்ஸ்லினையும் கூப்பிட்டிருந்தார்கள், கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். அவள் பேசினாள். எத்தனை ஆட்டம், எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளைக்கு இதனால் எங்கே வேலை கிடைத்தது, எல்லாம் சொன்னாள், குரல் உயராமல்தான் சொன்னாள், செயலர் சிரித்துக்கொண்டே நல்லாப் பேசுறியேம்மா, பேச்சுப்போட்டிக்குப் போறியோ என்று கேட்டார். அப்போது அவள் சாரைப் பார்த்தாள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெண்கள் அணியைத் தொடங்கியவரே அவர்தான், வீடு வீடாகப் போய் அப்பாமாரிடம் சண்டை போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர். அவர் தன் கட்டை விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் இதே வலையின் கிழிசலை நைலான் கயிற்றால் முடிந்துகொண்டு நின்றவரிடம் போய்க் கேட்டாள். ஏன் சார் வாயத் தொறக்கல. அவர் முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுச் சொன்னார், தொறந்தா மட்டும்? அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கிங்ஸ்டன் அண்ணன் போன வாரம் கூப்பிட்டார், பழைய மாணவர் சங்கச் செயலாளர், துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ், ஒரு காலத்தில் சாரிடம் ஆடியவர், வாயில் எப்போதும் தேன். பசங்க நின்னா சாதாம்மா, பொம்பளப் பிள்ள கோல்ல நின்னா போட்டோ அம்சமா இருக்கும், பத்திரிக்கக்காரங்க வாராங்க தங்கச்சி, சாருக்குத் தெரியாது, சர்ப்ரைஸு. அணியை மூடுவார்கள், மூடின அணியின் கோல்கீப்பரைக் கூட்டிவந்து போட்டோவுக்கு நிறுத்துவார்கள், அவள் பந்து போகாத பக்கம் அழகாக விழ வேண்டும். போனில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. கேட்க வேண்டியதைக் கேட்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தாள், சரிண்ணே வாரேன் என்று வந்தது. ஏன் சரி என்றாள். மேடை வரைக்கும் போய் மைக்கைப் பிடுங்கிக் கேட்கலாம் என்றா, இல்லை, அப்படி நினைக்கவே இல்லை. பிரியாணிக்கா. அம்மா கேட்டாள், உன்னய வேண்டாம்னு சொன்ன இடத்துக்கு ஏட்டி போற, போதும் பந்து புடிச்சது. அம்மா சொன்னதில் தப்பே இல்லை, அதனாலேயே அம்மாவோடு சண்டை போட்டாள். ஏன் சரி என்றாள் என்பதைத் தொடுகிறபோதெல்லாம் நினைவு வழுக்கி வேறு எங்கோ போயிற்று, கையுறையின் வாடைக்கு, வியர்வையும் ரப்பரும் கலந்து ஊறின அந்த வாடைக்கு, எத்தனை தடவை அலசினாலும் போகாது, மூன்று வாரம் பால்கனியில் காயப் போட்டும் போகவில்லை. சாயங்காலம் சும்மா இருக்கிறபோது எடுத்து மோந்து பார்த்துக்கொள்வாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

காற்று பேச்சைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்து போட்டது. தன்னலமற்ற, என்றது ஒலிபெருக்கி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு எண்பத்தொன்பதாம் வருஷம் கோயம்புத்தூரில் நடந்த. பிறகு கைதட்டல். பிறகு என் தந்தைக்கு நிகரான. எல்லாருக்கும் அவர் தந்தைக்கு நிகராகத்தான் இருக்கிறார், நிகரான தந்தையின் பேச்சை இத்தனை பேரில் யார் கேட்டார்கள். பந்தல் ஓரத்தில் ஒரு வரிசை வெள்ளைச் சட்டைகள், பழைய ஆட்டக்காரர்கள், இப்போது வயிறு தள்ளியவர்கள், சுங்கத்தில், ரயில்வேயில், போலீஸில். ஒரு பெண் குரல் வருகிறதா என்று ரெக்ஸ்லின் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. அவளோடு ஆடியவர்களில் ஒருத்தியும் வரவில்லை. பின்வரிசையில் ஆடுகிற சுபாவிடம் வா என்று கெஞ்சினாள், நீ போயி விழுந்து கும்புடு, நான் வரல என்று அவள் போனை வைத்துவிட்டாள். விழுந்து கும்பிடத்தானே வந்திருக்கிறேன், போகாத பக்கமாக விழுந்து. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் யாருக்கும் தெரியாது என்பதால் சத்தமாகவே சிரித்தாள், அந்தச் சத்தம் வலையைத் தாண்டிப் பின்மதில் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வராமல் அங்கேயே இருந்துவிட்டது. கோல்கீப்பருக்கு இது பழக்கமானதுதான். ஆட்டம் அந்தப் பாதியில் நடக்கும்போது பத்துப் பேரும் அங்கே ஓடுவார்கள், கத்துவார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், தன் அணி கோல் போட்டால்கூட ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கலைந்து திரும்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை அப்படி ஓடி, பாதியில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து, ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்து, திரும்பி வந்திருக்கிறாள். அன்றைக்கு சார் கோட்டுக்கு வெளியே கோலுக்குப் பின்னால் வந்து நின்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார், குடித்தாள், வாங்கிக்கொண்டார், ஆனால் போகவில்லை, அந்தப் பாதி முழுக்க அங்கேயே நின்றார். மற்ற கோச்சுகள் நடுக்கோட்டுப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள், இவர் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார், அவள் எப்போதும் அதை முட்டி வலியால் நடக்க முடியாமல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கோலுக்குள் தள்ளியதே அவருடைய கோபம்தான். முதல் நாள் பயிற்சி, ஆறு சுற்று ஓடச் சொன்னார், ஆம்பளப் பிள்ளைகளுக்கு எத்தனை சுற்று என்று ரெக்ஸ்லின் கேட்டாள். பத்து என்றார். எங்களுக்கு ஏன் ஆறு. முத நாளுன்னு விட்டேன். அவங்க முத நாள் எத்தனை ஓடினாங்க. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். சரி, பத்து ஓடு என்றார், ஓடினாள், ஒன்பதாவதில் வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டு வந்து நீங்க சொன்னது சரி, ஆறே போதும், ஆனா கேட்டது தப்பில்லல்ல சார் என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏட்டி வாயாடி, போயி கோலுக்குள்ள நில்லு, அங்கதான் வாய் வேணும், முன்னாடி ஆடுறவளுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு தெரியாது, நீதான் கத்திச் சொல்லணும் என்றார். அவள் வாய்க்கு வீட்டில் அடி கிடைத்திருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்கக் கிடைத்திருக்கிறது, மேடையில் கேடயம் கிடைத்திருக்கிறது. அது ஒரு வேலைக்கு வேண்டியிருக்கிறது என்று சொன்னது அந்த மனிதர் ஒருவர்தான். அந்த மனிதர்தான் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயமா. முப்பது வருஷமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தே பழகிவிட்டதா. போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்றா. ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து வைத்து ஒவ்வொன்றையும் அவளே அடித்து நொறுக்கினாள், மூன்று வாரமாக இதுதான் வேலை, நொறுக்கிய பிறகு அவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார், நகத்தைப் பார்த்துக்கொண்டு. ஒருவேளை அவர் ரொம்பக் களைத்துப் போயிருந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை மட்டும் அவளால் நொறுக்க முடியவில்லை, அதனால் அது அவளை மற்ற எல்லாவற்றையும்விடக் கோபப்படுத்தியது. களைத்துப் போக உமக்கு யார் உரிமை கொடுத்தது, நாங்கள் ஒன்பதாவது சுற்றில் வாந்தி எடுத்துவிட்டு ஓடினோமே.

கிங்ஸ்டன் அண்ணன் காகிதக் கப்பில் டீயைத் தளும்பத் தளும்ப எடுத்துக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். பாதி டீ அவர் கையில். கையுறையோடு கப்பைப் பிடிக்க வராமல் அவள் தடுமாறியதைப் பார்த்து அவரே பிடித்துக்கொண்டார், அவள் குனிந்து குடித்தாள், கோயில் யானைக்கு ஊட்டுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் லேட்டாயிட்டு, செயலர் பேச ஆரம்பிச்சா உனக்குத் தெரியாதா என்றார். அவர் பொம்பளைங்க டீமைப் பத்தி ஏதாச்சும் சொன்னாராண்ணே என்று கேட்டாள். அவர் அந்தக் கேள்வியை டீக் கறை மாதிரி கையிலிருந்து உதறினார். இன்னைக்கு அதெல்லாம் எதுக்கும்மா, நல்ல நாளு. பிறகு குரலைத் தாழ்த்தினார், சுற்றிலும் ஒரு மனிதர் இல்லாத இடத்தில்.

"நல்லாக் கேட்டுக்கோ. நீ உனக்கு வலது பக்கமா விழுந்துரு. சார் எந்தப் பக்கம் உருட்டினாலும் நீ வலது. முட்டி போச்சுல்ல, மெதுவாத்தான் வரும், அவசரப்பட்டுக் கால்ல கீல்ல தட்டிராத."

"நேரா என் கைக்கே வந்தா?"

"வந்தா வழுக்கி விட்ரு. உனக்குத் தெரியாததா."

வழுக்கி விட அவளுக்குத் தெரியாது. அதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடினார், ஓடுகிற விதத்தில் இன்னும் ஓரக்கோட்டோடு பந்தைக் கொண்டுபோகிற ஒரு பழைய விங்கர் இருந்தான், இடது தோளைச் சாய்த்துக்கொண்டு. அவள் மறுபடி தனியாக நின்றாள். மெதுவாக வரும் என்றதுதான் இப்போது உறுத்தியது. வேகமாக வந்தால் யோசிக்க நேரமில்லை, உடம்பு பார்த்துக்கொள்ளும். மெதுவாக உருண்டு வருகிற பந்தை விட வேண்டும் என்றால் அது வந்து சேருகிற வரைக்கும் ஒவ்வொரு கணமும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மறுபடி மறுபடி. பிடிக்க வேண்டும் என்றாலும் அப்படித்தான், ஒரு கிழவர் உருட்டிவிட்ட பந்தைக் குனிந்து பொறுக்கியதற்காக ஊர் முழுக்க அவளைப் பார்க்கும், என்ன திமிரு பாரு இந்தப் பிள்ளைக்கு, அதான் அந்த டீம மூடினாங்க. அந்த வாக்கியம் தயாராகவே இருக்கிறது, அவள் கையால் அதற்குச் சாட்சி கேட்கிறார்கள். ஒன்று அலங்காரம், ஒன்று திமிர். மூன்றாவது ஒன்று இருக்கக்கூடாதா. கையை விரித்து நின்றுகொண்டு சும்மா இருந்தால். அதுவும் விடுவதுதான், முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு விடுவது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது, நீளமாக, யாரையும் கூப்பிடாமல். தாகமாக இருந்தது, டீ குடித்த பிறகு கூடுதலாக. இப்படியே கழற்றிப் போட்டுவிட்டுப் பின்மதில் சந்து வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் என்ன என்று நினைத்தாள். கோல் காலியாக இருக்கும். அவர் வந்து காலி கோலில் உதைப்பார். அதுதானே நியாயம், காலியாக்கியவர் காலி கோலில் உதைக்கட்டும். கால் நகரவில்லை. கோல்கீப்பர் கோலை விட்டுப் போவது என்பது காலுக்குப் புரியவே இல்லை.

ஏற்புரை, என்றது ஒலிபெருக்கி. துணி மூட்டை எழுந்து நின்றது. காற்று அந்த நேரம் பார்த்து விழுந்துவிட்டது, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது, மைக்கைச் சாரின் உயரத்துக்கு இறக்குகிற கறமுற சத்தம்கூட. இப்போது சொல்வார் என்று அவள் நினைத்தாள். கூட்டத்தில் சொல்லாததை இங்கே சொல்வார், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத நாளில் என்ன பயம், செயலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார், என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்று. என் பிள்ளைகள் என்றுகூட வேண்டாம், பொம்பளப் பிள்ளைகளும் ஆடினார்கள் என்று ஒரு வாக்கியம். அவள் தன்னை அறியாமல் கோட்டிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தாள். எல்லாருக்கும் நன்றி, என்றார் அவர். எனக்குப் பேச வராது. எல்லாரும் நிறையச் சொல்லிட்டீங்க, அதுல பாதி நான் இல்ல. கூட்டம் சிரித்தது. நேரமாயிட்டு, பிள்ளைகளுக்குப் பசிக்கும். அவ்வளவு. மைக் கறமுற என்றது. கைதட்டல் மழை மாதிரி வந்தது. ரெக்ஸ்லின் கோட்டுக்குத் திரும்பிப் போனாள், நெஞ்சில் எரிச்சல் இல்லை, சூடு இல்லை, யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட தரை மாதிரி வெறிச்சென்று இருந்தது. சரி. பிடிப்பேன். எவ்வளவு மெதுவாக வந்தாலும் குனிந்து பொறுக்குவேன். திமிர் என்றால் திமிர். நடுவர் அவர்களே, நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

கறுப்பு உருவங்கள் பந்தலை விட்டு இறங்கி மைதானத்துக்குள் வர ஆரம்பித்தன. நடுவில் அவர், பொன்னாடைகளை ஒவ்வொன்றாக உருவி யார் யார் கையிலோ கொடுத்துக்கொண்டு. நடுவட்டத்தைத் தாண்டியபோது நின்றார். நெற்றியில் கையை வைத்து வெயிலே இல்லாத திசையில் வெயிலை மறைக்கிற மாதிரி கோலைப் பார்த்தார். யாரிடமோ கேட்டார். பக்கத்தில் நின்றவர் ஏதோ சொன்னார். அவர் அங்கேயே நின்றார். பிறகு புல்லே இல்லாத அந்தத் தரையில், எல்லாரும் சுற்றி நிற்க, மெல்ல ஒரு கையை ஊன்றிக் கீழே உட்கார்ந்தார். சாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு பேர் குனிந்தார்கள், அவள் ஓடுவதற்குக் கால் எடுத்தாள். ஆனால் அவர் இரண்டு பேரையும் தள்ளிவிட்டுத் தன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் உடற்கல்வி அறைப் பக்கமாக ஓடினான். கிங்ஸ்டன் அண்ணன் அவளை நோக்கிப் பாதி தூரம் வந்து, இரண்டு கையையும் விரித்து, புரியாத முகத்தோடு கத்தினார், கோல்ல யாருன்னு கேட்டாரு, ரெக்ஸ்லின்னு சொன்னேன், பூட்ஸ எடுத்துட்டு வான்னு சொல்றாரும்மா.

பூட்ஸ். கடைசிப் பெனால்டிக்கு யாரும் பூட்ஸ் போட்டதில்லை. சற்று முன்னால் வரைக்கும் இருந்த முடிவு, குனிந்து பொறுக்குகிற முடிவு, ஒரு சின்னப் பிள்ளையின் முடிவாகத் தெரிந்தது. அவர் மாணவன் கொண்டுவந்த பழைய கறுப்புப் பூட்ஸின் நாக்கை இழுத்து விட்டார், கயிற்றைப் பாதத்தைச் சுற்றி அடியில் ஒரு சுற்று விட்டுக் கட்டினார், அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் கட்டுகிற மாதிரி, நிதானமாக, செயலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க. பேன்ட்டை முட்டி வரை சுருட்டினார். முட்டியில் நீலக் கட்டு தெரிந்தது. எழுந்தார், பந்தைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார், காற்றுக் குறைவு என்று வேறு பந்து கேட்டார். புள்ளியில் வைத்து ஒரு கையால் அதைத் திருப்பித் திருப்பி, மனசுக்குப் பிடித்த பக்கம் தன்னைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் மூன்று வாரத்துக்குப் பிறகு அவருடைய முகம் அவளுக்குத் தெரிந்தது. வெயில் அவருக்குப் பின்னால், அவள் கண்ணுக்குள். அதையும் அவர் கணக்குப் போட்டிருப்பார், போடாமல் இருக்க மாட்டார், ஓய்வு பெற்றாலும் அந்தக் குசும்பு போகாது. அவர் எதிர் அணியின் கோல்கீப்பரைப் பார்க்கிற மாதிரி, ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறாள், இடைவெளி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். அவளுக்குப் பயமாக இருந்தது. சுத்தமான பயம், வயிற்றிலிருந்து நேராகத் தொடைக்கு இறங்குகிற பயம், இதை மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்தது, ஏன் சரி என்றேன் என்பதும் தெரிந்தது, ஆனால் அதை நின்று பார்க்க நேரமில்லை. கம்பங்களுக்குப் பக்கத்தில் குவிந்தவர்கள், செல்போன்கள், கேமராக்கள், வலது வலது என்று வாயசைக்கிற கிங்ஸ்டன் அண்ணன், எல்லாம் பக்கவாட்டில் மங்கிப் போயிற்று. சார் நாலே எட்டு பின்னால் போனார். வந்தார். முட்டி ஒரு கணம் மடங்குகிற மாதிரி இருந்தது, அவள் உடம்பு இடது பக்கம் போக முடிவு செய்துவிட்டது, போயிற்று, தரையை உந்திய கால் உந்தியதுதான். பந்து அதே இடது பக்கம்தான் வந்தது, தரையோடு தரையாக, சர்ரென்று, உப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு. அவள் கை நீண்டது, தோள் எலும்பு கழன்றுவிடும் போல நீண்டது, கையுறையின் நுனியில் பந்தின் காற்று பட்டது. காற்றுதான். பந்து கம்பத்தின் உள்விளிம்பில் தட்டி உள்ளே போயிற்று.

முகம் தரையில், வாயெல்லாம் மண், முழங்கை எரிந்தது. பின்னால் வலை பந்தை வாங்கிக்கொண்ட சத்தம் கேட்டது, உடனே சரவெடி. ஆட்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள், யாரோ அவள் காலைக்கூட மிதித்தார்கள். கிங்ஸ்டன் அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி முதுகில் ரெண்டு தட்டு தட்டினார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவருக்கு.

"வலதுன்னேன், நீ அந்தப் பக்கம் போயி எனக்கு உயிரே போச்சு. ஆனா என்னா நடிப்பும்மா. நெஜமாவே புடிக்கப் போறவ மாதிரி."

"நடிக்கலண்ணே."

வெடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, என்னது என்று காதைக் காட்டினார், அதற்குள் யாரோ அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். நடிக்கல, என்று அவள் இன்னொரு தடவை சொன்னாள். ஒரு போட்டோக்காரர் இன்னொரு தடவை விழ முடியுமா என்று கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு அந்த மனிதர் கேமராவை மூடிக்கொண்டு போய்விட்டார். சாரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பூட்ஸ் கால்கள் இரண்டும் ஒரு காவல்துறை ஆய்வாளரின் வெள்ளைச் சட்டையில் செம்மண்ணை அப்பிக்கொண்டிருந்தன. கூட்டம் பந்தலைப் பார்க்கத் திரும்பியது, அவர் மட்டும் உடம்பை முறுக்கிப் பின்னால் பார்த்தார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, புகைக்கு மேலே, வலது கையை உயர்த்தினார். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து ஒரு சாண் காட்டினார். ஒரு சாண்ல விட்டுட்ட. ரெக்ஸ்லினுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு சாணா. பல்லால் கையுறையைக் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, கையை உயர்த்தி நாலு விரலை ஒட்டவைத்துக் காட்டினாள். நாலு விரல்தான். அவர் தலையை ஆட்டி மறுத்தார், சாணை இன்னும் அழுத்தமாகக் காட்டினார். அவள் ஒரு விரலை மடக்கினாள், மூணு. அவர் தோளில் இருந்து விழப் பார்த்தார், தூக்கியவர்கள் சார் சார் என்று பிடித்து நேராக்கினார்கள், நேராக்கியதும் மறுபடி திரும்பி, இப்போது இரண்டு கையாலும், நடுவில் ஒரு பந்தே போகிற அளவுக்கு விரித்துக் காட்டினார், அநியாயம், பச்சை அநியாயம். அவள் கோட்டைத் தாண்டி ஓடி வந்து, பெனால்டிப் புள்ளியில் நின்று, மூன்று விரலை ஆகாசத்துக்கு நீட்டிக்கொண்டு, இல்ல சார், இல்லவே இல்ல என்று கத்தினாள். பந்தலின் சாப்பாட்டுத் தடுப்புக்குள் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். வாசல் துணி விழுந்து மூடியது. மைதானத்தில் வேறு யாரும் இல்லை. அவள் கையை இறக்கவில்லை.